கடைசியில் அந்தப் பிள்ளை இருக்கிறாளா?

1

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். கோழி கிளறிய முற்றம் போல இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். எங்கள் தீவு ஊரான புளியங்கூடலில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு பேனை பிடித்ததெல்லாம் கையெழுத்து வைக்கத்தான். அச்சுக்குக் கொடுப்பவர்கள் பிழையைத் திருத்துங்கள். கதையைத் திருத்த வேண்டாம்.

வாசிகசாலை ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி குணம் அண்ணை கேட்டது போன வருடம். ஊரில் வாசிகசாலையைத் திறந்து பூட்டுகிற திறப்பு அவரிடம்தான் இருக்கிறது.

"பனி, குளிர், பாஸ்போட், சம்பளம் எண்டு எல்லாரும் எழுதிப்போட்டினமடாப்பா. நீ இப்ப சொன்னியே, அதை எழுது."

"எனக்கேலாது அண்ணை."

"ஏலாதெண்டா ஆறுதலா எழுது."

ஆறுதலாக, ஒரு வருடம் கழித்துத்தான் எழுதுகிறேன். நான் கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது ஆருடைய தோளுக்கும் பின்னால் போய் நிற்கிறவன். அதோடு இது என் கதை மட்டுமல்ல, மகளின் கதை. அவளிடம் கேட்டேன்.

"எழுதுங்கோ அப்பா. ஆனா என்ர பேர் வேண்டாம். தாரணி எண்டு போடுங்கோ. அது வடிவான பேர், நீங்கள் எனக்கு வைக்காத பேர்."

ஆகவே அவள் இங்கே தாரணி.

2

நாங்கள் இருப்பது நோர்வேயின் வடக்கில், கடலோரச் சிறு நகரம். நான் மீன் தொழிற்சாலையில் முள்ளெடுக்கும் மேசையில் நிற்கிறேன். மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் வேலை. தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஒருவர் வீட்டில் தும்மினால் மற்றவர் வீட்டில் மல்லித்தண்ணி கொதிக்கும்.

தாரணி எங்கள் ஒரே பிள்ளை. பதினாறு வயதில் அவள் பேச்சு குறைந்தது. முதலில் தமிழ் குறைந்தது, பிறகு எல்லா மொழியும் குறைந்தது. சாப்பாட்டுக் கோப்பையை அறைக்குள் கொண்டுபோவாள், அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைப்பாள். பிறகு பாடசாலைக்கும் போகவில்லை. பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குத் தெரியாது. அதனால் வேலை உடுப்போடு நேரே போய் வாசலில் நின்றேன். அங்கேயுள்ள தாதி எங்கள் மூவரையும் கூப்பிட்டு இருத்தினார்.

தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தரவா என்று கேட்டார். வசந்தி உடனே வேண்டாம் என்றாள். மொழிபெயர்ப்பாளர் எந்த ஊராக இருப்பாரோ, எங்கள் ஆட்களின் சித்தப்பன் பெரியப்பன் மகனாக இருப்பாரோ என்ற பயம். எனக்கும் அதே பயம். அதனால் பாதி விளங்கி, பாதி விளங்காமல் இருந்தோம்.

தாரணி சொன்னது மட்டும் முழுதாக விளங்கியது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சின்னச் சின்னச் சொற்களில் சொன்னாள். தனக்குப் பெண்பிள்ளைகளைத்தான் பிடிக்கும். பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். வீட்டில் தெரிந்தால் நாங்கள் உடைந்துபோவோம் என்று பயந்து சொல்லவில்லை. இப்போது தனக்கு ஒன்றிலும் விருப்பமில்லை, காலையில் எழும்பவும் விருப்பமில்லை.

அந்தக் கடைசி வசனம்தான் என் நெஞ்சில் போய் இருந்தது. முதல் வசனம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வசந்திக்கு அது மாறி நடந்தது. அவளைக் குறைசொல்ல மாட்டேன்.

தாதி மெதுவாக, இரண்டு தரம் சொன்னார். பிள்ளைக்கு மனச்சோர்வு. மருந்து இருக்கிறது, கிழமைக்கொருமுறை கதைக்க ஆள் இருக்கிறது. அவள் ஆரை விரும்புகிறாள் என்பது நோய் வருத்தமில்லை. அதை இவ்வளவு காலம் தனியே தூக்கித் திரிந்ததுதான் அவளைக் களைக்கப் பண்ணியது. பிறகு கேட்டார், அவளுக்கு இப்போது ஏதாவது செய்யப் பிடிக்குதா என்று. தாரணி நீண்ட நேரம் யோசித்து, "சில நேரம் வாசிப்பேன்" என்றாள்.

 வீட்டுக்கு வந்து வசந்தி குசினிக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சாருங்கோ, ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஆரோடை கதைக்கிறனான், சொல்லுறதுக்கு?"

அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். பிறகு திரும்பவும் அழுதாள்.

3

எனக்கு மருந்து தெரியாது, அறிவுரை சொல்லத் தெரியாது. புத்தகம் எடுத்துக் கொடுக்கலாம் என்று பட்டது. நகர நூலகம் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எத்தனையோ வருடம் அதன் முன்னால் நின்று பஸ் ஏறியிருக்கிறேன். உள்ளே போனதில்லை. ஊர் வாசிகசாலையிலும் அப்படித்தான். பேப்பர் வாசிக்கும் பெரிய ஆட்களின் கதிரைகளைத் தாண்டிப் புத்தக அலுமாரிக்குப் போக எனக்குக் கால் வராது. கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்தமுறை உள்ளே போனேன். மீன் மணம் போகட்டும் என்று வீட்டில் குளித்து, கோயிலுக்குப் போகும் சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். இளம் பிள்ளைகளின் புத்தகத் தட்டில் வானவில் ஒட்டிய புத்தகங்கள் ஒரு வரிசை இருந்தன. அந்த அடையாளம் எனக்குத் தெரியும், தாரணி போன்ற ஆட்களுடையது, தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இருந்ததில் தடித்ததாக, பரிசு பெற்றது என்று தங்கநிறத்தில் ஒட்டியதாக ஒன்றை எடுத்தேன். பரிசு கொடுத்திருக்கிறார்கள், நல்ல புத்தகமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை.

தாரணி அதை வாசித்தாள். எனக்குச் சந்தோசம். இரண்டு நாள் கழித்து அறை வாசலில் வந்து நின்று புத்தகத்தை நீட்டினாள்.

"இதிலையும் அவள் கடைசியில செத்துப் போறாள் அப்பா. இப்பிடிக் கதை எல்லாத்திலையும் சாகினம், இல்லாட்டி வீட்டை விட்டுக் கலைக்கினம். என்னை மாதிரி ஆக்களுக்கு வேற முடிவு இல்லையா?"

கதவு சாத்துப்பட்டது. அன்றைக்கு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் கொடுத்த புத்தகம். பேசாமல் ஒரு சொக்கிளேற்றை வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று வசந்தி சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

4

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேசையில் இங்ரிட் என்று ஒரு பெண் இருந்தார். என்னைவிட வயது கூடியவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் வழியெல்லாம் மனதில் ஓட்டிக்கொண்டு போன ஒரே வசனத்தை அவருடைய மொழியில் கேட்டேன்.

"இந்த வானவில் புத்தகங்களில் எதில் கடைசியில் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்?"

இங்ரிட் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்கள் பிள்ளைக்கா?"

தலையாட்டினேன்.

எழும்பி என்னோடு தட்டுக்கு வந்தார். ஒவ்வொரு புத்தகமாக விரலால் தொட்டு, "இது இருக்கிறாள். இது இல்லை. இது இருக்கிறாள், ஆனால் இடையில் தகப்பன் மிக மோசம். இது எனக்குத் தெரியாது, வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு போனார். தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது.

அதன்பிறகு வேலை முடிந்து வரும்போது அங்கே இறங்குவது பழக்கமாகிவிட்டது. என் கேள்விகளும் கூடின. கதையில் வருகிற தாய் தகப்பன் எப்படி? பாடசாலையில் அடிவிழுகிறதா? பிள்ளை சிரிக்கிற இடம் இருக்கிறதா? சாப்பிடுகிறாளா? தன்னைத்தானே நோகப்பண்ணுகிற விசயத்தை விவரமாக எழுதியிருக்கிறதா? அப்படி எழுதியிருந்தால் வேண்டாம் என்று இங்ரிட்டே தள்ளி வைத்துவிடுவார். சோகமான புத்தகம் கூடாது என்றில்லை, சுகமாக இருக்கிறவர் வாசிக்கலாம், இப்போது உங்கள் மகளுக்குக் கனம் என்றார். எனக்கு விளங்கியது. காய்ச்சல்காரருக்கு நாங்களும் நண்டுக்குழம்பு கொடுப்பதில்லை, கஞ்சிதான்.

ஒருநாள் கேட்டார். "உங்கள் மகளுக்கு என்ன பிடிக்கும்?"

 என் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு அந்நியப் பெண் கேட்க, தகப்பன் நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். கடைசியில் "ஆடு" என்றேன். எட்டு வயதில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது புளியங்கூடலில் ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டே திரிந்தாள். விமானத்தில் ஏற்ற ஏலாது என்று சொல்ல, கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் அழுதுகொண்டு வந்தவள்.

இங்ரிட் கொஞ்சம் யோசித்தார். பிறகு அலுமாரியின் மற்றப் பக்கம் போய் ஒரு மெல்லிய புத்தகத்தோடு வந்தார். அட்டையில் நீல வானம், புல், செம்மறிகள், கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகள்.

"இதில் பெரிதாக ஒன்றும் நடக்காது" என்றார். "நடக்காததுதான் இதில் நல்லது."

முடிவையும் சொன்னார். நான் கேட்காமலே.

5

அந்தப் புத்தகத்துக்கு நான் உறை போட்டேன். இதுதான் பிரச்சினையாகியது.

ஊரில் தவணை தொடங்கினால் முதல் வேலை உறை போடுவது. எங்கள் வீட்டில் சீமெந்துப் பையின் உள்தாளை உதறி, மடித்து, புத்தகத்துக்கு ஐயா உறை போட்டுத் தருவார். உறை இல்லாத புத்தகத்தோடு போனால் வாத்தியார் வெளியே விடுவார். ஆருடையதோ புத்தகம், நூலகத்துக்குச் சொந்தமானது, எங்கள் வீட்டுக் குழம்புக்கையும் என் மீன் கையும் படக்கூடாது என்றுதான் தமிழ்க் கடை நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அழகாக உறை போட்டேன். அந்தத் தாளில் பிள்ளையார் இருந்தார். செம்மறிகளும் அந்தப் பிள்ளைகளும் பிள்ளையாருக்கு உள்ளே போய்விட்டார்கள்.

வசந்தி பார்த்துவிட்டு, "நல்லதுதான். ஆரும் வந்தாலும் தெரியாது" என்றாள்.

தாரணியின் அறைக் கதவு கொஞ்சம் திறந்துதான் இருந்தது.

"அப்பா, வெட்கத்திலதான் மூடினீங்களா?"

"இல்லைப் பிள்ளை. ஊத்தை படும் எண்டுதான்."

"எல்லாப் புத்தகத்துக்கும் போடுறீங்களா?"

இல்லை. இங்கே வந்து வேறு எந்தப் புத்தகத்துக்கும் உறை போட்டதில்லை. வேறு எந்தப் புத்தகமும் என் கையில் இருந்ததில்லை. அதைச் சொல்ல வாய் வருவதற்குள் அவள் தலையை உள்ளே எடுத்துவிட்டாள். ஆனாலும் புத்தகத்தை வாசித்தாள். பிள்ளையாரைக் கையில் பிடித்தபடி கட்டிலில் சாய்ந்திருப்பதைக் கண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாசித்தாள். முடிந்துவிடும் என்ற பயம்போல இருந்தது. சாப்பாட்டுக் கோப்பை சில நாள் பாதி வெறுமையாகத் திரும்பி வந்தது.

6

அந்த நேரம்தான் சரஸ்வதி பூசை வந்தது. ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டில் வைப்போம், தமிழ்க் குடும்பங்கள் வரும். போன வருடம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தோம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

பகலே வசந்தி சாமித்தட்டுக்குக் கீழே மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தாள். அவல், பொங்கல் எல்லாம் ஆயத்தம், கடலை அடுப்பில். வீட்டிலுள்ள புத்தகங்களைச் சேர்த்தாள். தன் வேலைப் பரீட்சைப் புத்தகம், என் சாரதிப் பத்திரத்துக்குப் படித்த புத்தகம், தேவாரப் புத்தகம்.

"பிள்ளையின்ர புத்தகம் எங்கை?"

பாடசாலைப் புத்தகங்கள் பாடசாலையில்தான் கிடந்தன. அவள் போகாமல் எத்தனையோ நாள். வீட்டில் தாரணியின் புத்தகம் என்று இருந்தது ஒன்றுதான். தாரணி குளிக்கப் போயிருந்தாள். நான் அதை எடுத்துவந்து கொடுத்தேன், பிள்ளையார் உறையோடு.

வசந்தி சந்தனக் கிண்ணத்தில் விரலை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, குசினியில் கடலை கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரஸ்வதிக்கு முன்னால புத்தகத்தின்ர முகத்தை மூடிக்கொண்டு வைக்கிறதே?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தான் சொன்னாள். உறையைக் கழற்றினாள். பிள்ளையார் தாளை நாலாக மடித்துத் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு அந்த நீல வானத்தில், இரண்டு பெண்பிள்ளைகளின் தலைக்கும் நேர்மேலே, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். எல்லாப் புத்தகத்துக்கும் மேலே அதை வைத்தாள்.

"வசந்தி, அது நூலகப் புத்தகமப்பா, கறை போகாது" என்றேன். 

"போகாட்டிப் போகாமல் கிடக்கட்டும். நீர் போய்க் கதிரையளை எடுத்துப் போடும்" என்றாள். என்னை 'நீர்' என்று அவள் சொன்னால் மறுகதை கிடையாது.

ஆட்கள் வந்தார்கள். தேவாரம் பாடினோம். தாரணி வெளியே வரவில்லை, தலையிடி என்று சொன்னோம். தீபம் காட்டி முடிய, செல்வி அக்கா மேசைக்குக் கிட்டப் போனா. வாய் கொஞ்சம் நீளம், மனம் நல்லது. எல்லார் வீட்டு அலுமாரியையும் திறந்து பார்க்கிற ஆள்.

"இதென்ன வசந்தி, ரெண்டு பெட்டையள் கையைப் பிடிச்சுக்கொண்டு? சாமிக்கு முன்னால?"

 நான் கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தாரணி வாசிக்கிற புத்தகம் அக்கா."

"என்ன கதை?"

"ஒரு பெட்டைக்கு இன்னொரு பெட்டையைப் பிடிக்கிற கதை." வசந்தி அதோடு நிறுத்தவில்லை. "என்ர பிள்ளையும் அப்பிடித்தான். அவளுக்கு இப்ப சுகமில்லை. இந்தப் புத்தகத்தை வாசிக்கேக்கைதான் கொஞ்சம் சாப்பிடுறாள். அதாலைதான் மேல வைச்சிருக்கிறன். இருங்கோ, கடலை எடுத்துக்கொண்டு வாறன்."

 வசந்தி கடலை கொடுத்துக்கொண்டு போனாள். செல்வி அக்கா ஒரு பிடி வாயில் போட்டு, மென்று, விழுங்கினா.

"உப்புக் குறைவு" என்றா. கொஞ்சம் பொறுத்து, "பிள்ளைக்கு எடுத்து வைச்சனீரே? முதல் அவளுக்கு எடுத்து வையும்."

எல்லோரும் அப்படியென்று சொல்லமாட்டேன். ஒரு குடும்பம் அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. ஆனால் நாங்கள் இரவு பகலாகப் பயந்த இடி விழவில்லை. கடலைக்கு உப்புக் குறைவு, அவ்வளவுதான்.

7

எல்லோரும் போன பிறகு தாரணி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நேரே மேசைக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தாள். குங்குமத்தைத் தொடாமல் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அம்மா, நான் எடுக்கலாமா? இன்னும் ரெண்டு அத்தியாயம் இருக்கு."

"ஏலாது பிள்ளை. பூசைக்கு வைச்சது. நாளைக்கு விஜயதசமி, காலமைதான் எடுக்கலாம்."

 பிள்ளை இருக்கிற நிலையில் சட்டம் கதைக்கிறாளே என்று பட்டது. எடுக்கட்டும் விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாரணி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்களுக்கு முடிவு தெரியும்தானே? அந்த லைப்ரரி அன்ரியிட்ட எல்லாப் புத்தகத்தின்ர முடிவையும் கேட்டுத்தான் எடுக்கிறீங்கள் எண்டு தெரியும். தாதிக்குச் சொன்னனீங்களாமே, அவதான் எனக்குச் சொன்னவ."

"தெரியும்."

"சொல்லுங்கோ."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நான் வாழ்க்கையில் ஒருவருக்கும் கதை சொன்னதில்லை. இங்ரிட் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை இருக்கிறாள். வருத்தம் முழுக்க மாறேல்லை, ஆனா இருக்கிறாள். தாய் வாறா. அவை ஆடு வளர்க்கிற தீவுக்குப் பாதையிலை, கடல் கடக்கிற மிதவையிலைதான் வரவேணும், எங்கட ஊர்காவற்றுறையில இருந்து காரைநகருக்குப் போறது மாதிரி. தாய் பாதையால இறங்கேக்கை கையில ஒரு பையோடை வாறா. பிள்ளை நினைக்கிறாள், தன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறா எண்டு. பைக்குள்ள பார்த்தா, ரெண்டு சோடி சப்பாத்து. தோட்டத்துச் சேத்துக்குப் போடுறது. ஒண்டு மகளுக்கு. மற்றது மற்றப் பெட்டைக்கு."

"பிறகு?"

"பிறகு ஆட்டுக்குப் புல்லுப் போடப் போகினம். அவ்வளவுதான்."

தாரணி அழுதாள். வசந்தி பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா என்று தெரியாமல் நின்று, பிறகு தலையைத் தொட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாரணி முகத்தைத் துடைத்தாள்.

"சரி. அப்ப நாளைக்கு மட்டும் பொறுக்கிறன்" என்றாள்.

மற்ற வீடுகளில் இது ஒரு சாதாரண வசனம். எங்கள் வீட்டில் பல மாதமாக ஒருவரும் நாளைக்கு என்று சொல்லவில்லை. வசந்தி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிறகு மூவரும் கடலை சாப்பிட்டோம். உண்மையிலேயே உப்புக் குறைவு. சாப்பிடும்போது தாரணி கேட்டாள்.

"உங்கட ஊரில என்னை மாதிரி ஆரும் இருந்தவையா?"

இல்லை என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அந்த நேரம் மணி அக்காவும் பூரணம் அக்காவும் ஞாபகம் வந்தார்கள். எங்கள் ஊரை ஒட்டி நாரந்தனைப் பக்கம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். பனம்பழக் காலத்தில் பனங்களியைப் பாயில் ஊற்றிப் பினாட்டுக் காயவைப்பார்கள், ஆடு வளர்த்தார்கள். இரண்டு பேரும் கல்யாணம் செய்யவில்லை. கோயிலுக்கு ஒரு குடையில்தான் வருவார்கள். என்ன உறவு என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஊரில் அதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை. தாங்கள் யார் என்று அவர்கள் என்னிடம் சொன்னதில்லை, அதனால் நானும் அடித்துச் சொல்லமாட்டேன். இருந்ததை மட்டும் தாரணிக்குச் சொன்னேன்.

அவள் உடனே கேட்டாள். என்னுடைய கேள்விதான்.

"இப்ப இருக்கினமா?"

"தெரியாது பிள்ளை. பிறகு யுத்தம் வந்து எவ்வளவோ நடந்தது. தீவே இடம்பெயர்ந்தது."

"கேளுங்கோ."

8

அடுத்த நாள் காலை வசந்தி பூசையைக் கலைத்தாள். தாரணி முதல் ஆளாக வந்து நின்று புத்தகத்தை எடுத்தாள். நான் சொன்ன முடிவு சரியா என்று பார்த்துவிட்டு, "சப்பாத்து மஞ்சள் நிறம். அதை நீங்கள் சொல்லேல்லை" என்றாள்.

நான் வாட்ஸ்அப்பில் குணம் அண்ணையை எடுத்தேன். தாரணி பக்கத்தில் இருந்தாள்.

"அண்ணை, மணி அக்காவும் பூரணம் அக்காவும் இருக்கினமே?"

"ஆர், பினாட்டு மணியோ? ஏன் இல்லாமல்? காலமைதான் ஆட்டை ஆர் அவிட்டு விட்டது எண்டு ரெண்டு பேரும் றோட்டிலை நிண்டு சண்டை. என்ர வேலிப் பூவரசங் கதியால் முழுக்க அந்த ஆடு திண்டு முடிச்சுப்போட்டுது. இடம்பெயர்ந்தும் ஒண்டாத்தான் போனவை, ஒண்டாத்தான் திரும்பி வந்தவை. இனி அந்த ஆடும் அவையும்தான். ஏன் கேக்கிறாய்?"

எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. தாரணி சிரித்தாள். பெரிய சிரிப்பில்லை, மூக்கால் வந்த சிரிப்பு. குசினிக்குள் வசந்தி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஏன் கேட்டேன் என்பதை ஒரே மூச்சில் குணம் அண்ணைக்குச் சொன்னேன். மகள், வருத்தம், வானவில், புத்தகம், எல்லாம்.  

"இஞ்சையும் பிள்ளையள் இருக்குதுகள்தானே தம்பி" என்றார். "வாசிகசாலைக்கு வந்து, ஒரு புத்தகமும் எடுக்காமல், கண்ணாடிக்கு வெளியில நிண்டு பாத்திட்டுப் போற பிள்ளையள். ஆரெண்டு நான் கேக்கிறதில்லை. உன்னட்டை அப்பிடிப் புத்தகம் தமிழிலை இருந்தா அனுப்பு. என்ர மேசைக்குப் பின்னால வைக்கிறன்."

"பின்னால வேண்டாம் அண்ணை. மற்றப் புத்தகங்களோடை, கண்ணாடிக்குக் கிட்ட வையுங்கோ. எடுக்கிறவைக்கு உங்களிட்டை கேக்க வெட்கமாயிருக்கும்."

நான் ஒருவருக்கு இப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். மலருக்கு எழுதச் சொல்லி அவர் கேட்டதும் அந்த அழைப்பில்தான்.

அந்த நூலகப் புத்தகத்தைப் பயந்து பயந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வானத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. இங்ரிட் கேட்டார், சொன்னேன். கல்விக்கு ஒரு தெய்வம், அந்தத் தெய்வத்தின் முன் வைத்தோம் என்று. துடைக்க எடுத்த துணியை அவர் கீழே வைத்துவிட்டார். அந்தப் புத்தகம் இன்றும் அந்தப் பொட்டோடு தட்டில் இருக்கிறது. பலர் எடுத்துப் போகிறார்கள்.

9

இந்த ஒரு வருடம் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் போனது. மருந்து மாற்றினார்கள். இரண்டு தரம் திரும்பவும் கதவு சாத்துப்பட்டது. ஆனால் சாத்திய கதவைத் தட்ட இப்போது எங்கள் இரண்டு பேருக்கும், திறக்க அவளுக்கும் தெரியும். மாசியிலிருந்து தாரணி பாடசாலைக்குப் போகிறாள். தமிழில் இப்படிப்பட்ட கதைகளைத் தேடுகிறாள், தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற அவளும் ஐந்தாம் வகுப்புப் படித்த நானும் சேர்ந்து வாசிக்கிறோம். கடைசி அத்தியாயத்தை முதலில் நான் பார்ப்பேன். கனமானதை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, கஞ்சியானதைக் குணம் அண்ணைக்கு அனுப்புகிறோம். அனுப்பினவற்றில் ஒன்று கண்ணாடிக்குக் கிட்ட இருந்த இடத்தில் இல்லை, ஆர் எடுத்தது என்று தெரியாது என்று போன கிழமை அண்ணை சொன்னார். திருப்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்றேன்.

நேற்றுப் பூசைக்குத் தாரணிதான் புத்தகம் அடுக்கினாள், பொட்டும் அவள்தான் வைத்தாள். கடலைக்கு உப்பு சரியா என்று செல்வி அக்காவிடம் முதலே கொடுத்துப் பார்த்தாள். இன்று காலை பூசை கலைத்தபோது வசந்தி ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் அடியிலிருந்து எடுத்து என்னிடம் தந்தாள். நான் அறியாமல் வைத்திருக்கிறாள்.

"விஜயதசமியில தொடங்கினா எழுத்து வருமாம். நல்ல கையெழுத்து வராது, அது தெரியும். எழுதுங்கோ."

காலையிலிருந்து எழுதுகிறேன். இதை வாசிக்கத் தொடங்க முதல் என்னைப்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற தாய் தகப்பன் ஆரும் ஊரில் இருந்தால், உங்களுக்குத்தான் இது: ஓம், அந்தப் பிள்ளை இருக்கிறாள். மூன்று மணி பஸ்ஸில் வருவாள்.

விஜயதசமி, 02.10.2025